பேய் சொன்ன சேதியும் குரங்கணித் தீயும்

பிரஞ்சு தேசத்து பாரிஸ் நகரில், டுய்லரி அரண்மனையில் ‘செந்நிற மனிதன்’ என்றொரு பேய் உலவியதாம். கேடு வருமுன் அரச குடும்பத்தாருக்குத் தோன்றுமாம். மரி அந்துவானெத் ராணிக்கும் நெப்போலியனுக்கும் தோன்றியதாகக் கதை. சரி, தோன்றி யாரைக் காப்பாற்றிற்று? 1793-ல் ராணியின் தலை உருண்டது. 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றான். 1871-ல் அரண்மனையே எரிந்தது. ஜனங்களின் பசியும் கோபமும் சொன்ன எச்சரிக்கையைக் கேளாதவர்களுக்குப் பேயின் எச்சரிக்கை எதற்கு?

நம் தெருக்களிலும் விடியுமுன் ஜக்கம்மா பேரால் குறி சொல்லக் கேட்கிறோம். 2018 மார்ச் 11-ல் போடிநாயக்கனூருக்கு மேலே, குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு, மலையேறப் போனவர்களில் 23 பேர் மாண்டார்கள். எந்தக் குறி அவர்களைத் தடுத்தது?

எச்சரிக்கை இல்லாமலில்லை. மாசி வெயிலில் காய்ந்த புல்லும், மலைச்சரிவில் வீசும் காற்றும் யாவரும் காணத்தக்க எச்சரிக்கைகளே. அவற்றைக் கண்டு வழியை அடைப்பதற்கு மந்திரம் வேண்டாம்; காவலும் கணக்கும் போதும். மாண்ட பின் “விதி” என்போர், அடுத்த கோடையின் பிணங்களுக்கும் இப்போதே சமாதானம் தேடி வைக்கிறார்கள். கேடு காரணத்தோடுதான் வருகிறது. காரணத்தைக் கேட்க அஞ்சுகிறவனுக்கே பேய் தேவைப்படுகிறது.