சோப்பு செய்ய முதலில் வாங்க வேண்டியது தராசு

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திவிட்டால் அடுத்த நொடி கை சோப்பைத் தேடும். தேய்த்ததும் மஞ்சள் கறை போவதற்குப் பதிலாகச் சிவந்துவிடும். இது நடக்காத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதே காரணம்தான். மஞ்சள், காரத்தைச் சந்தித்தால் சிவக்கும். மிளகாய்க் காரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் என்று படித்தோமே, அந்தக் காரம். எண்ணெயிலிருந்து செய்த சோப்பு எதுவானாலும், கடையில் வாங்கியதோ கையால் செய்ததோ, மஞ்சளைச் சிவக்க வைக்கும்.

அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் வார இறுதிச் சந்தைகளில் கைச்சோப்பு விற்கும் மேசை சாதாரணமாகக் கண்ணில் படும். வெட்டிவேர், குப்பைமேனி, ஆவாரம்பூ என்று அழகாக அடுக்கி, 'கெமிக்கலே கிடையாது' என்று அட்டை வைத்திருப்பார்கள். பார்த்தவர்களுக்கு இரண்டு எண்ணம் வரும். ஒன்று, வாங்கலாம். இன்னொன்று, இதை நாமே வீட்டில் செய்யலாமே. இரண்டாவது எண்ணம் வந்தவர்கள் முதலில் அந்த அட்டையை மறந்துவிட வேண்டும். காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டிச் சோப்பு பிறக்காது. நன்றாகச் செய்து, நன்றாகக் காய்ந்த சோப்பில் அது மிச்சம் இருக்காது என்பதுதான் சரியான வாக்கியம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

எண்ணெயும் காரமும்

அழுக்கு எடுக்கக் காரம் வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிது இல்லை. சோப்பு வருவதற்கு முன்னால் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில்தான் துணி வெளுத்தார்கள். அந்த மண்ணில் இருந்த காரம்தான் வேலை செய்தது. சோப்பில் அந்தக் காரம் எண்ணெயோடு சேர்கிறது. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, தேங்காய் எண்ணெயை உடைக்கும். அப்போது இரண்டு புதிய பொருள்கள் உண்டாகும். ஒன்று சோப்பு, இன்னொன்று கிளிசரின். பெரிய தொழிற்சாலைகள் பெரும்பாலும் கிளிசரினைத் தனியே பிரித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். கைச்சோப்பில் அது உள்ளேயே தங்கிவிடும். குளித்த பிறகு தோல் இழுக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காரம் தோலை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள அடையாறுக்காரர்கள் அதிக தூரம் போக வேண்டியதில்லை. சர்தார் பட்டேல் சாலையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தோல் பதனிடும் தொழிலில் ஆரம்ப வேலைகளில் ஒன்று, மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் சுண்ணாம்புக் கரைசலில் ஊறவைத்து ரோமத்தைக் கழற்றுவது. சுண்ணாம்பே இவ்வளவு செய்யும். காஸ்டிக் சோடா அதைவிடக் கடுமையானது. விரலில் பட்டால் முதலில் வழுவழு என்று இருக்கும். தோலில் உள்ள எண்ணெயையே அது சோப்பாக்கத் தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். எரிச்சல் பின்னால் வரும்.

இரண்டு வழிகள்

ஒருநாள் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லித் தருவது 'மெல்ட் அண்ட் போர்' முறை. கடையில் கிடைக்கும் சோப்பு பேஸை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்ற வேண்டியதுதான். காஸ்டிக் சோடா வேலையை வேறு யாரோ ஏற்கெனவே முடித்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சோப்பு தயார். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் கோடை விடுமுறையில் பிள்ளைகளோடும் செய்யலாம். ஆனால் அந்த பேஸில் என்ன எண்ணெய், எவ்வளவு என்பது நம் கையில் இல்லை.

எண்ணெயிலிருந்தே தொடங்குவது 'கோல்டு பிராசஸ்'. இதில் அடுப்பு வேலை குறைவு, கவனம் அதிகம். வளர்ந்தவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது.

கைப்பக்குவம் இங்கே செல்லாது

நம் சமையலில் ஒரு கை உப்பு, கண் திட்டம், கைப்பக்குவம் எல்லாம் பெருமை. சோப்பில் அது ஆபத்து. டம்ளர், கரண்டி அளவுகளும் உதவாது. எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா மூன்றையும் கிராம் கணக்கில் எடை போட வேண்டும். ஒரு கிராம் சுத்தமாகக் காட்டும் டிஜிட்டல் தராசுதான் முதல் முதலீடு. அச்சும் வாசனை எண்ணெயும் அப்புறம்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் காரத்தின் அளவு வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு சுமார் 0.134. விளக்கெண்ணெய்க்கு சுமார் 0.128. தேங்காய் எண்ணெய் தீர்ந்துபோச்சு, பதிலுக்கு நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம் என்று அளவை மாற்றாமல் செய்தால் காரம் மிஞ்சிவிடும். அந்தச் சோப்பு தோலைப் பதம் பார்க்கும்.

500 கிராம் எண்ணெய்க்கு ஒரு கணக்கு பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் 300 கிராமுக்கு 54.9, நல்லெண்ணெய் 150 கிராமுக்கு 20.1, விளக்கெண்ணெய் 50 கிராமுக்கு 6.4. மொத்தம் 81.4 கிராம் காஸ்டிக் சோடா. ஆனால் அவ்வளவையும் போடக்கூடாது. அதில் 8 சதவீதம் குறைத்து 75 கிராம் மட்டும் போட வேண்டும். அப்போது கொஞ்சம் எண்ணெய் சோப்பாக மாறாமல் மிஞ்சி, தோலுக்கு மென்மை தரும். அளவில் சிறு பிசகு வந்தாலும் தாங்கும். தண்ணீர் 165 கிராம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் நல்லது. இந்த அளவில் 100 கிராம் எடையில் 7 சோப்பு வரும். காய்ந்ததும் எடை கொஞ்சம் குறையும்.

மரச்செக்கு எண்ணெய்தான் வேண்டும் என்று செலவை ஏற்றத் தேவையில்லை. காரம் பட்டதும் அதன் மணம் பெரும்பாலும் போய்விடும். சாதாரணத் தேங்காய் எண்ணெயே போதும். பஜ்ஜி சுட்ட எண்ணெயை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

செய்யும் நாள்

ஜன்னல், கதவு திறந்திருக்கட்டும். பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, காலில் செருப்பு. இதில் ஒன்று இல்லை என்றாலும் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

பாத்திரம் நல்ல எவர்சில்வராகவோ கனமான பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். அலுமினியமும் இண்டாலியமும் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து, தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். சோப்புக்கு எடுத்த பாத்திரத்தையும் கரண்டியையும் திரும்பவும் சமையலுக்கு எடுக்கக்கூடாது.

தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் கரைசல் 80 டிகிரிக்கு மேல் சூடேறும், நெடியும் வரும். முகத்தை அதன் மேல் கொண்டுபோகாதீர்கள். கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறியதும், கரைசலை எண்ணெயில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் விட்டுவிட்டு அடிக்க வேண்டும். தளர்ந்த கூழ் பதம் வந்து, மேலே சொட்டினால் தடம் தெரிந்தால் போதும். மணத்துக்கு எண்ணெய் சேர்ப்பதானால் இப்போது. 500 கிராம் எண்ணெய்க்கு 15 கிராமைத் தாண்ட வேண்டாம். பிறகு அச்சில் ஊற்றி மூடிவிடலாம். ஓரிரு நாளில் இறுகியதும் கையுறை போட்டுக்கொண்டே துண்டு போடலாம்.

மஞ்சள் தூள் போட்டால் தங்க நிறம் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஆரத்தியை நினைத்துக்கொள்ள வேண்டும். முதலில் செங்கல் நிறம்தான் வரும். பச்சை இலைச்சாறு நாளாக ஆகப் பழுப்பாகும். பால் சேர்த்தால் சூட்டில் கருகும். முதல் முறை எதுவும் சேர்க்காமல் செய்வதே நல்லது.

தோலில் பட்டுவிட்டால் உடனே குழாயடியில் 20 நிமிடமாவது தண்ணீர் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். வினிகர், எலுமிச்சை ஊற்றி 'சமன்' செய்யப் பார்க்கக்கூடாது. கண்ணில் பட்டால் அதேபோல் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நான்கு வாரம் தொடாதீர்கள்

துண்டு போட்ட சோப்பு பார்க்கத் தயாராக இருக்கும். ஆனால் காற்றோட்டமான நிழலில் நான்கு முதல் ஆறு வாரம் இருக்க வேண்டும். காரம் எண்ணெயோடு முழுதாகச் சேர்வது பெரும்பாலும் முதல் சில நாள்களிலேயே முடிந்துவிடும். மிச்ச நாள்களில் தண்ணீர் வற்றி, சோப்பு கெட்டியாகி, மென்மையாகிறது. அவசரப்பட்டு எடுத்தால் நான்கு குளியலில் கரைந்துபோகும்.

கடலோரச் சென்னையில் இதற்கும் பருவம் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தைக் கிளிசரின் இழுத்து, சோப்பின் மேல் வியர்வை போல முத்து முத்தாகத் துளி நிற்கும். கெட்டுப்போகவில்லை, ஆனால் காய நாளாகும். தை, மாசியில் தொடங்குவது சுலபம்.

பயன்படுத்தும் முன் சோப்பை நனைத்து, பி.எச். தாள் ஒட்டிப் பார்க்கலாம். 9, 10 என்று காட்டுவது சோப்புக்கு இயல்பு. 11-ஐத் தாண்டினாலோ, சோப்பின் மேல் வெள்ளைக் கட்டிகளோ நீர்ப்பையோ தெரிந்தாலோ, மனம் வருந்தினாலும் குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

உப்புத் தண்ணீரிலும் நுரை

உப்பேறிய போர் தண்ணீரில் குளிப்பவர்கள் சோப்பு நுரைக்கவில்லை என்று சலித்துக்கொள்வார்கள். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, வாளி ஓரத்தில் வெள்ளைப் படிவாக ஒட்டும். தேங்காய் எண்ணெய் சோப்பு இதை மற்றவற்றைவிட நன்றாகச் சமாளிக்கும். கப்பலில் கடல்நீரில் குளித்தவர்களுக்கும் உதவியது தேங்காய் எண்ணெய் சோப்புதான். ஆனால் தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டால் சிலருக்குத் தோல் வறளும். அதனால்தான் மேலே சொன்ன கணக்கில் நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் துணைக்கு வந்தன.

வீட்டில் பிறந்த ஒரு சோப்பு

சென்னையில் ஒரு வீட்டில் தொடங்கி நாடு முழுக்கப் போன சோப்பும் உண்டு. மெடிமிக்ஸ். ரயில்வே மருத்துவராக இருந்த டாக்டர் வி.பி.சித்தன், தோல் தொல்லையோடு தன்னிடம் வந்த ஊழியர்களுக்காக 1969-இல் உருவாக்கியது அது. அவர் கேரளத்தின் திருச்சூர் பகுதியைச் சேர்ந்த ஆயுர்வேதக் குடும்பத்துக்காரர். 18 மூலிகைகளோடு வீட்டிலேயே சோப்பு செய்தார். மனைவி சௌபாக்யம் கூட நின்றார். கையால் செய்யும் சோப்பு என்பதையே பின்னாளில் அந்த நிறுவனம் விளம்பரமாக்கியது. தோலைப் பற்றித் தெரிந்த ஒருவர், தன் கண்ணெதிரே பயன்படுத்தியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து வளர்த்த பொருள் அது என்பதைப் புதிதாகத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

விற்பதற்கு முன்னால்

வீட்டுக்குச் செய்துகொள்ள யாரிடமும் அனுமதி வேண்டாம். விற்பதற்கு வேண்டும். 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்திலும் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளிலும் குளியல் சோப்பு அடங்கும். விற்பனைக்குத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தேவை. சென்னையில் அதன் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. உரிம எண், சேர்மானங்கள், தயாரித்த தேதி, எடை எல்லாம் உறையில் இருக்க வேண்டும். 'படை போகும், சொறி குணமாகும்' என்று எழுதினால் அது சோப்பு விற்பனையைத் தாண்டி மருந்து விற்பனை ஆகிவிடும். அதற்குச் சட்டமும் வேறு.

முறையாகத் தொழில் தொடங்க நினைப்பவர்கள், ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் அவ்வப்போது அறிவிக்கும் பயிற்சிகளைக் கவனித்து வரலாம். எந்த வகுப்பில் சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பேஸ் உருக்கும் முறையா, எண்ணெயிலிருந்து செய்யும் முறையா? காஸ்டிக் சோடா கணக்கைப் போடச் சொல்லித் தருவார்களா? கண்ணாடியும் கையுறையும் ஒவ்வொருவருக்கும் உண்டா?

முதல் முறை செய்த 7 சோப்பையும் அக்கம்பக்கத்தில் பங்கிட வேண்டாம். ஒரு நோட்டில் தேதியும், எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா அளவுகளும் எழுதிவைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து ஒன்றை எடுத்து முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். மறுநாள் வரை அரிப்போ சிவப்போ இல்லையென்றால் குளிக்கலாம். நன்றாக வந்திருந்தால் அடுத்த முறைக்கு அந்த நோட்டே வழிகாட்டும்.