கேஸ்ட்ரிக் என்று சொல்லி வகுப்புக்கு அனுப்பினோம்



ஐம்பது தாண்டிய டீச்சர் ஒருவர் ஸ்டாஃப் ரூமில் வந்து, இரண்டு நாளாக முதுகு வலி, தாடை வலி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது என்றார். நாங்கள் என்ன செய்தோம்? இஞ்சி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, "கேஸ்ட்ரிக்தான் மிஸ், வயசும் போகுதுதானே" என்று ஐந்தாம் பாடத்துக்கு அனுப்பினோம். அன்றிரவு மாரடைப்பு. அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினார். படித்த நாங்கள் செய்த வேலை இது.

மாரடைப்பு என்றால் ஆம்பிளைகளின் வருத்தம் என்று நினைத்திருக்கிறோம். மாதவிடாய் நின்றால், "இனி நோன்பு களா இல்லை, முப்பதும் பிடிக்கலாம்" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடுகிறது.

உடம்புக்குள் நடப்பது வேறு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கெட்ட கொலஸ்ட்ரோல் கூடுகிறது. கொழுப்பு வயிற்றில் சேர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சீனி ஏறுகிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் கூடுகிறது. நிறை பெரிதாகக் கூடாவிட்டாலும் இது நடக்கலாம். எங்கள் தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே எச்சரிக்கை. 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கு இதய ஆபத்து இன்னும் கூட.

"நடங்க, சாப்பாட்டைக் குறைங்க" என்று உபதேசம் செய்வோரே, எங்கே நடப்பது? சுபஹுக்குப் பிறகு ஆண்கள் கூட்டமாக நடந்தால் மாஷா அல்லாஹ். அதே வீதியில் நான்கு உம்மாமார் சப்பாத்துப் போட்டு நடந்தால், "இந்த வயசில இதென்ன ஷோ?" சஹனில் மிஞ்சியதை வீணாக்கக் கூடாதென்று சாப்பிட்டு முடிப்பதும் அதே உம்மாமார்தான். வாப்பாவின் கிளினிக் கார்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். தங்களுக்கென்று ஒரு கார்டே இருக்காது.

"இதெல்லாம் ஃபேஸ்புக்கில் பேசுற விஷயமா, வெட்கமில்லையா?" என்று சிலர் வருவீர்கள். ஹைழுடைய சட்டங்களை மத்ரஸாவில் உட்கார்ந்து படித்தோமே, அது வெட்கமில்லை. அது நின்ற பிறகு உயிருக்கு வரும் ஆபத்தைப் பேசுவது மட்டும் வெட்கமா?

வெல் வுமன் கிளினிக் இந்த நாட்டில் 1996 முதல் இருக்கிறது. இலவசம். 35 வயதிலேயே போகலாம். பிரஷர், சீனி பார்ப்பார்கள். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் நாளைக் கேளுங்கள். உம்மாவை, மாமியை, ராத்தாவைக் கூட்டிப் போங்கள். நாங்களும் போவோம்.

நெஞ்சிறுக்கம், தாடை வலி, மூச்சு வாங்கல், காரணமில்லாத வியர்வை, குமட்டல் என்று ஒரு பெண் சொன்னால் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு நிற்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள். அம்பியூலன்ஸும் இலவசம்தான்.

நாங்கள் விட்ட பிழையை நீங்கள் விடாதீர்கள்.