செத்தது நாய்தானே!

ஆள் மர்மமாகச் செத்தால் போலீஸ் வரும். விசாரணை நடக்கும். பிரேதப் பரிசோதனையும் உண்டு. நாய் செத்தால்? சாக்கில் கட்டிக் குப்பை மேட்டில் போட்டுவிட்டுப் போகிறோம். எதனால் செத்தது என்று கேட்க நாதி இல்லை.

திருவண்ணாமலை கடைக்காரர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் தெரியாத சமாச்சாரம் அல்ல. ராத்திரி ஷட்டருக்குக் காவல் கிடக்கும் நாய் திடீரென்று சோறு தின்னாது. ஈறு வெளுக்கும். மூத்திரம் காபித்தண்ணி மாதிரி போகும். ஊசி போட்டால் எழுந்து வாலாட்டும். "பிழைச்சுடுச்சு" என்று நிம்மதியாக இருப்போம். மாசம் ஒண்ணு கழித்து மறுபடி படுக்கும்.

இந்தக் காய்ச்சலைக் கொண்டுவரும் கிருமிகளில் ஒன்று நம்ம மெட்ராஸ் சரக்கு! வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கு வளர்த்த நாய்களின் ரத்தத்தில் 1910-ல் பேட்டன் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் பெபீசியா கிப்சோனி. இதே இனத்துப் பெரிய கிருமிக்குக் கேட்கும் ஊசி, இந்தப் பொடிக் கிருமிக்குச் சரியாகக் கேட்பதில்லை. வெளிநாட்டுப் புத்தகம் சொல்லும் மருந்து இருக்கிறது. விலையைக் கேட்டால் நாய்க்காரருக்கே காய்ச்சல் வரும்!

கட்டுப்படியாகும் விலையில் எந்த மருந்து இதை அடியோடு நிறுத்தும்? நம்ம ஊர் நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்குத்தானே மேல்படிப்பு? ஐந்தரை வருஷம் படித்து மாட்டு டாக்டரானவர் மேலே 2 வருஷம் எம்.வி.எஸ்சி. படிக்கிறார். ஆய்வேடு எழுதினால்தான் பட்டம். வேப்பேரிக் கல்லூரி 1903-ல் வந்தது. நாட்டின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகம் 1989-ல் தமிழ்நாட்டில்தான் வந்தது. பெருமைதான், மறுக்கவில்லை.

ஆராய்ச்சி என்றதும் கூண்டில் அடைத்து அறுப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். இது நோயோடு வரும் வீட்டு நாய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே செய்யும் ஆராய்ச்சி. வளர்ப்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டுக் குலுக்குகிற மாதிரி நாய்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய மருந்து, மறு பாதிக்குப் புது மருந்து. அப்புறம் வாரா வாரம் ரத்தம் பார்த்துக் குறிக்க வேண்டும். விஷயமே இதில்தான் இருக்கிறது. பாதியில் வராமல் போன நாய் பிழைத்ததா, செத்ததா? யார் கண்டது!

இங்கிருந்து வேப்பேரிக்கு சுமார் 190 கிலோ மீட்டர். ஒரு தடவை வாடகைக் கார் பிடித்துப் போகலாம். வாரா வாரம் போனால் கடையை விற்க வேண்டியதுதான். நாயோடு பஸ் ஏறினால் கண்டக்டர் என்ன சொல்வார் என்று எழுதத் தேவையில்லை.

நாய் அங்கே போக முடியாது. மாணவர் இங்கே வரலாமே! மேல்படிப்பில் ஆறு மாசமாவது மாவட்ட கால்நடை ஆஸ்பத்திரியில் போடுங்கள். நல்ல மைக்ரோஸ்கோப், ரத்தம் பார்க்க வசதி, மேற்பார்வைக்கு ஒரு பேராசிரியர். இவ்வளவு போதும்.

"மாட்டைப் பார்க்கவே ஆள் போதலை, நாய்க்கு ஆராய்ச்சியா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பால் மாடு சோறு போடுகிறது, வாஸ்தவம். ஆனால் மாட்டைப் பார்க்கிற டாக்டரை யாரும் பிடுங்கவில்லை. கூடுதலாக ஒரு டாக்டர் வருகிறார், அவ்வளவுதான். ரமணாசிரமத்தில் 1948-ல் இறந்த பசு லட்சுமிக்குச் சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே நாய்க்கும் இருக்கிறது.

கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். நோட்டும் கையுமாக ஒரு மாணவர் கடை கடையாக ஏறி இறங்கட்டும். ஒரு சுற்று முடிவதற்குள் ஆய்வேட்டுக்கு வேண்டிய கேஸ் கிடைத்துவிடும்.