சிக்கன் பர்கர்னா ‘லைட்’தானா? கறியைவிட மற்றதைக் கவனிங்க!

‘சிக்கன்தானே, லைட்டாதான் இருக்கும்’. டயட்டில் இருப்பவர்கள்கூட இப்படிச் சொல்லித்தான் பர்கர் ஆர்டர் போடுகிறார்கள். சிக்கன் மேல் தப்பில்லை. தோல் நீக்கிய நெஞ்சுப் பகுதியில் 100 கிராமுக்கு சுமார் 120 கலோரி, 22 கிராம் புரதம். கொழுப்பு 3 கிராமுக்கும் கீழேதான். ஆனா கடைகளில் பெரும்பாலும் அதை மாவில் தோய்த்து, பிரெட் தூளில் புரட்டி, எண்ணெயில் பொரித்து எடுக்கிறார்கள். போதாததுக்கு மேலே மயோனைஸ். ஒரு டேபிள்ஸ்பூன் மயோனைஸில் மட்டுமே சுமார் 10 கிராம் கொழுப்பு இருக்கும். ஒரு ஸ்பூனோடு எந்தக் கடையிலும் நிறுத்துவதில்லை.

அதனால்தான் வீட்டில் செய்வது நல்லது என்கிறோம். அதில் ஒரு சிக்கல் உண்டு. கொழுப்பு குறைந்த கறி சீக்கிரம் வறண்டுவிடும். முதல் தடவை செய்தவர்கள் ‘ரப்பர் மாதிரி இருக்கு’ என்று கைவிடுவது இதனால்தான்.

வழி இருக்கு. சிக்கன் கடையில் தோல் இல்லாத போன்லெஸ் நெஞ்சுக்கறியை வாங்கி, ஃப்ரீசரில் 20 நிமிடம் வைத்துவிட்டு மிக்ஸியில் விட்டுவிட்டு அடிங்க. கொரகொரப்பா இருக்கணும், விழுதாகிவிடக் கூடாது. அரை கிலோ கறிக்குத் துருவிய வெங்காயம் ஒன்று, கெட்டித் தயிர் இரண்டு ஸ்பூன், பொடித்த ஓட்ஸ் மூன்று ஸ்பூன். வெங்காயமும் தயிரும் ஈரம் தரும், ஓட்ஸ் அதைப் பிடித்து வைக்கும். இஞ்சி, பூண்டு, மிளகு, கொத்தமல்லி உங்க இஷ்டம். உப்பை மட்டும் கடைசியில் போடுங்க. உப்புப் போட்டு ரொம்ப நேரம் பிசைந்தால் கறியின் புரதம் ஒட்டிக்கொண்டு இறுகிவிடும், அந்த ‘ரப்பர்’ அங்கிருந்துதான் வருகிறது.

நான்காகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் லேசாக ஒரு குழி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். பிறகு தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் வேகட்டும். ஏர் ஃப்ரையர் இல்லையே என்ற கவலையே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், அரைக்கும்போது அவை உள்ளேயும் கலந்துவிடும். அதனால் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். சமையல் தெர்மாமீட்டரில் பார்த்துவிடுவதே நல்லது. இல்லாதவர்கள் ஒன்றைப் பிட்டுப் பாருங்க, இளஞ்சிவப்பு துளி தெரிந்தாலும் திரும்பக் கல்லுக்கே போகட்டும்.

மயோனைஸுக்கு வருவோம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் உணவு நச்சாகும் ஆபத்துதான் காரணம். வீட்டு மிக்ஸியில் அடித்தாலும் பச்சை முட்டை பச்சை முட்டைதான். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, புதினா, பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சாஸ் ரெடி.

பன் வாங்கும்போது ‘கோதுமை’ என்ற பெரிய எழுத்தை நம்பாதீங்க, பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்க. பொருள்களை அளவு அதிகமானதில் தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் மைதா என்றிருந்தால் அது மைதா பன்தான்.

வேலை நாளில் இதுக்கெல்லாம் நேரம் ஏது என்பவர்கள், ஞாயிறன்று தட்டி, இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் அடுக்கிடுங்க. வேண்டியதை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும்.