சொல்லைக் கேட்டபின் தீர்ப்புச் சொல்வோம்

 

காரைக்குடியில் எங்கள் மதரஸாவுக்கு மாலை வகுப்பிற்கு வரும் மாணவன் ஒருவனுடைய தாயார் அண்மையில் என்னிடம் முறையிட்டார். "ஹஜ்ரத், எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறான். பாட்டாம்! ஒரு சொல்லும் விளங்கவில்லை. நீங்கள்தான் கண்டிக்க வேண்டும்" என்றார். நானும் கண்டித்தேன். அவன் கைப்பேசியை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். 'என்ன கேட்கிறாய்?' என்று மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் அவனே தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஹஜ்ரத், அது தமிழ்ப் பாட்டுதான். அத்தா மலேசியாவிலிருந்து அனுப்பினார்கள்."

நமது சிவகங்கைச் சீமைக்கு மலேசியா அயல்நாடு போலத் தோன்றுவதில்லை. செட்டியார்கள் கொண்டுவிற்கச் சென்றதும், நம்மவர்கள் சபுர் சென்றதும் அந்த மண்ணுக்குத்தான். ஆனால் அங்குள்ள தமிழரில் மிகப் பலர், ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வியை இன்றுவரை கைவிடாமல் காத்து வருபவர்கள் அவர்கள்.

அந்த மண்ணிலிருந்து 2006-ஆம் ஆண்டு வெளிவந்த இசைத்தொகுப்பே 'வல்லவன்'. யோகி பி என்பவரும் 'நட்சத்திரா' குழுவினரும் அதை உருவாக்கினார்கள். ஹிப் ஹாப் எனப்படும் இவ்வகை 1973-ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வேர்விட்டது என்பார்கள். ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் கறுப்பின இளைஞர், ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு கருவிகளில் மாற்றி மாற்றி ஓட்டி, முரசொலி வரும் பகுதியை மட்டும் நீட்டினார். அந்தத் தாளத்தின் மேல் எளிய மக்களின் பிள்ளைகள் எதுகை அமைத்துப் பேசத் தொடங்கினார்கள். பாடகனுக்குரிய குரல்வளம் இல்லாதவனும், சொல்வளம் இருந்தால் அவையேறலாம் என்ற நிலை உண்டாயிற்று.

யோகி பி அதற்கு முன்னர் 'பொயட்டிக் அம்மோ' என்னும் குழுவில் இருந்தவர். அக்குழு ஆங்கிலத்தையே பெரிதும் நம்பிப் பெயர் பெற்றது. இடையிடையே பிற மொழிகளும் வரும். ஆங்கிலத்தில் பெயர் வாங்கிய ஒருவர், அதைவிடச் சிறிய சந்தையான தமிழுக்குத் திரும்பியதே இந்தத் தொகுப்பின் சிறப்பு என்று கருதுகிறேன். அதில் புகழ்பெற்ற 'மடை திறந்து' பாடல், 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா அமைத்த மெட்டை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றித் தன் சொல்லடுக்குகளைக் கட்டியது. பழைய இசைத்தட்டிலிருந்து புதிய பாட்டை வார்க்கும் பிராங்ஸ் வழக்கத்தைத் தமிழர் தம் வீட்டுச் சரக்கைக் கொண்டே செய்து காட்டினார்கள்.

தாய்த் தமிழகத்திலும் அதற்கு வரவேற்பு இருந்தது. 'பொல்லாதவன்' (2007), 'ஆடுகளம்' (2011) ஆகிய படங்களில் யோகி பியின் குரல் ஒலித்தது. 2012-இல் கோவை இளைஞர் ஆதியின் 'ஹிப் ஹாப் தமிழா' குழு 'ஹிப் ஹாப் தமிழன்' என்ற தொகுப்பை வெளியிட்டது. அவர்களைப் பிரபலமாக்கிய ஒரு பாடல், மதுவைக் கண்டிக்கும் சாக்கில் பெண்களை இழிவுபடுத்துகிறது என்ற கண்டனத்துக்கும் ஆளாயிற்று. ஒரே அச்சில் நல்ல வார்ப்பும் உண்டு. கோணல் வார்ப்பும் உண்டு.

அன்பர்களே! இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டைத் தீர்த்துவைக்க நான் முன்வரவில்லை. அதற்கு நான் தகுதியுடையவனும் அல்லன். ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்காகப் பள்ளிவாசலிலேயே மிம்பர் போடச் செய்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்தச் சமுதாயம் கவிதையின் சொல்லைக் கேட்டு, பொருளை எடைபோட்டு, அதன் பின்னரே ஏற்றது அல்லது தள்ளியது. கம்பன் கழகம் 1939 முதல் விழா எடுத்துவரும் ஊரில் வாழும் நானோ, சந்தத்தைக் கேட்டவுடன் பூட்டைத் தேடினேன்.

என் தவற்றை உணர்ந்து அவனிடம் ஒரு வேலை கொடுத்தேன். "நீ கேட்கும் பாட்டில் உள்ள தமிழை எழுதிக்கொண்டு வா, ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல். சொல்ல நாணும் வரி இருந்தால் அதை நீயே அடித்துவிடு" என்றேன். ஆங்கிலவழிப் பள்ளியில் படிப்பவன் அவன். பினாங்கிலிருந்து அவனுடைய பாட்டனார் எழுதிய தமிழ்க் கடிதங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் அவனால் இயலாது. அப்படிப்பட்டவன் இரண்டு பக்கம் எழுதி வந்தான். ரகர றகரம் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. இரண்டு வரிகளை அவனே அடித்திருந்தான். மூன்று சொற்களுக்குப் பொருள் கேட்டான். பத்தாண்டுகளாக அவனுக்குப் பாடம் சொல்பவன் நான். என்னிடம் அவன் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் கேட்டது அதுவே முதல் முறை.

பெற்றோர்களே! பிள்ளையின் காதில் நுழைவது எதுவாயினும் நல்லதே என்று நான் சொல்லவில்லை. தடுக்க வேண்டியதைத் தடுத்தே ஆகவேண்டும். ஆனால் தடுக்குமுன் ஒருமுறை அருகில் அமர்ந்து, "இதற்கு என்ன பொருள்?" என்று கேளுங்கள். நல்லதாயின் நீங்களும் ஒரு சொல் கற்றுக்கொள்வீர்கள். தீயதாயின் அதைச் சொல்ல அவன் நாவே கூசும். நம் கண்டிப்பைவிட அந்தக் கூச்சம் நீண்டநாள் நிற்கும்.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தொழுகை நேரத்திலும் பாட நேரத்திலும் அணைத்து வைக்கும் நிபந்தனையோடு. இப்போது அவன் பாட்டனாரின் கடிதங்களில் ஒன்றை என்னிடம் கொண்டுவந்து படிக்கப் பழகுகிறான். அதை முடித்ததும் மலேசியாவில் இருக்கும் அத்தாவுக்குத் தன் கையாலேயே தமிழில் பதில் எழுதப் போகிறானாம். இன்ஷா அல்லாஹ், எழுதுவான்.

வஸ்ஸலாம்.