காரணமற்ற சிரிப்பு

மனச்சிதைவு என்றதும் நம் வாசகர்களின் நினைவுக்கு வருவன இரண்டு: காதில் ஒலிக்கும் குரல்கள், எவரோ தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார் என்னும் ஐயம். நம் கதைகளும் திரைப்படங்களும் பெரும்பாலும் இவற்றையே சுற்றி வந்துள்ளன. இவை முன்னிற்காத வகை ஒன்றுண்டு. ஹெபிஃப்ரீனியா என்பது அதன் பெயர். கிரேக்கரின் இளமைத் தெய்வமான ஹெபேயை நினைவூட்டும் சொல். பதின்வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டுவதால் அப்பெயர் பொருந்திற்று.

1871ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் எவால்ட் ஹெக்கர் இதனை விரிவாக எழுதினார். இலக்கியம் பயில்வோரை அக்கட்டுரை ஈர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. நோயாளிகளின் கடிதங்களை அவர் சான்றாக வைத்தார். வாக்கியம் எடுத்த பொருளை விட்டு வேறெங்கோ திரும்புவதையும், முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் நீள்வதையும், ஆடம்பரச் சொற்கள் மிகுவதையும் நோயின் தடயங்களாகக் கண்டார். (நம் ஆண்டுவிழா மலர்கள் சில அவர் கையில் அகப்படாதது நல்லூழ்.)

சிவனையே பித்தன் என விளித்த மரபு நமக்கு. அதன் நிழலில், சிதைந்த பேச்சைக் கவித்துவம் என வியக்கும் பழக்கம் சிற்றிதழ்ச் சூழலில் வேரூன்றியிருக்கிறது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. தொடரை உடைக்கும் கவிஞன் அதனை மீண்டும் கோக்கவும் வல்லவன். நோய் முற்றிய இளைஞனுக்கு ஒரு விடுப்பு விண்ணப்பத்தைக்கூட எழுதி முடிக்க இயலாது போகலாம்.

கல்லூரிகளின் நிலை இன்னும் மோசம். துக்க வீட்டில் சிரிப்பது, காரணமின்றி முகஞ்சுளிப்பது, கேட்டதற்குத் தொடர்பற்ற விடை தருவது, குளிக்கவும் உடைமாற்றவும் மறப்பது ஆகியன சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் ஐயுற வேண்டும். நாமோ திமிர் என்கிறோம், கஞ்சா என்கிறோம், பெற்றோரை அழைத்துவரச் சொல்லி அவர்கள் முன்னே ஏசுகிறோம். குரல்களும் ஐயங்களும் வந்தாலும் சிதறலாகவே வந்து மறைவதால் வீட்டாருக்கும் நோய் என்று தோன்றுவதில்லை. ஊக்கமும் உணர்ச்சியும் விரைந்து வற்றும் வகை இது. இப்படிக் கழியும் மாதங்களின் விலை பெரிது.

2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடும், 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் மனச்சிதைவின் உட்பிரிவுகளைக் கைவிட்டன. ஒரே நோயாளியிடம் குறிகள் காலப்போக்கில் மாறுகின்றன. சிகிச்சையைத் தீர்மானிக்கவும் உட்பிரிவுகள் பெரிதாக உதவவில்லை. மருத்துவத்துக்கு அது சரியே. ஆசிரியர்களுக்கு அப்பழைய சித்திரம் இன்னும் வேண்டியிருக்கிறது. இடமறியாது சிரிக்கும் மாணவனைப் பற்றி ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு எழுதுமுன் அவன் வீட்டாரிடம் தனியே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.