வந்த நேரம், போன நேரம்

தபால் பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும். மனு வந்த தேதி, பிரிவுக்குப் போன தேதி, பதில் அனுப்பிய தேதி மூன்றும் பதிவேட்டில் சரியாக இருந்தால், தாமதம் யாருடையது என்று ஆய்வுக்கு வரும் அதிகாரி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இன்று அந்த இருக்கையில் ப்ராக்ஸி சர்வர் உட்கார்ந்திருக்கிறது. நாம் கேட்பதை வாங்கி உள்ளே தள்ளி, பதிலை வாங்கித் தந்து, எத்தனை விநாடி ஆனது என்று லாக் எழுதுகிறது. ரஷ்யர் இகோர் சிசோயெவ் 2004-ல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் இதில் பேர்போனது. லுவா என்ற பிரேசில் நாட்டு மொழியை அதோடு சேர்த்து, எந்த மனு எங்கே போகணும் என்று ஸ்கிரிப்ட் எழுதலாம் என்கிறான் சென்னையில் இந்த வேலை பார்க்கும் என் பேரன்.

ஸ்கிரிப்டில் ஒரு வரி மாற்றினாலும் பழைய சோதனைகளை எல்லாம் மறுபடி ஓட்டணும். ரெக்ரஷன் டெஸ்டிங் என்று பெயர். பதில் சரியா என்று ஓட்டிப் பார்ப்பவர்கள், நேரம் சரியாகப் பதிவாகிறதா என்பதை விட்டுவிடுவதும் உண்டாம். "ஒவ்வொரு தடவையும் நேரம் வேற வேறயாத்தானே வரும் தாத்தா, எதோட ஒப்பிடுறது?" என்றான். இந்தச் சமாதானம் எனக்கு ஒப்பவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பெருக்கல் போட்டதும் 'ப்ரெவ் பார் நெஃப்', அதாவது ஒன்பதால் சரிபார்த்தல், போட்டுக் காட்டணும். சரியான விடை தெரியாமலே தப்பை அது காட்டிக்கொடுக்கும். (54-ஐ 45 என்று எழுதினால் அதற்குக் கண் தெரியாது.) நேரத்துக்கும் அப்படிச் சோதனை வைக்கலாமே. பதில் வந்த நேரம் அனுப்பிய நேரத்துக்கு முந்தக் கூடாது. உள் சர்வரை வேண்டுமென்றே இரண்டு விநாடி காக்க வைத்தால், லாக்கில் அரை விநாடி என்று வரக் கூடாது. ஒரு சர்வர் படுத்து அடுத்ததிடம் போனால் என்ஜின்எக்ஸ் இரண்டு நேரத்தையும் காற்புள்ளி போட்டு எழுதும். முதல் எண்ணை மட்டும் எடுத்தால் கணக்கு பொய். உள்ளே போகாமலே பதில் தந்தால் வெறும் கோடு போடும். அதைப் பூஜ்யமாகச் சேர்த்தால் சராசரி அழகாகத் தெரியும்!

2016 முடிவில் உலகக் கடிகாரத்தில் ஒரு லீப் விநாடி சேர்த்தார்கள். நமக்கு அப்போது 2017 ஜனவரி 1 காலை 5.30. கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் மென்பொருளில், கேட்டதற்கும் பதிலுக்கும் இடைப்பட்ட நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போய், சில இடங்களில் நிரலே விழுந்தது. அவர்கள் அதை ஒளிக்காமல் எழுதியதைப் பாராட்டணும்.

நம் நாட்டில் 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. கடிகாரங்களை என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்து வைக்கணும். லாக்குகளை 180 நாள் பாதுகாக்கணும். நல்ல உத்தரவு. ஆனால் தப்பான பதிவை 180 நாள் பத்திரமாக வைத்து யாருக்கு என்ன லாபம்?

அச்சங்குளத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் பெண் பிள்ளையின் சாதிச் சான்றுக்காக அரைநாள் கூலியை விட்டுவிட்டு, சர்வர் சுற்றுவதைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். லாக்கில் அரை விநாடி என்று இருந்தால் அவள் காத்திருந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை, கேட்கவும் முடியாது. அரசுக்கு மென்பொருள் செய்து தருகிறவர்கள், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நேரப் பதிவுச் சோதனையை ஓட்டிய அறிக்கையை இணைக்கணும். அது இல்லாத பில்லைத் திருப்பி அனுப்பணும்.